எறிந்த ஈரல் திரும்பி வரும்!

புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் சென்றால் சித்தன்னவாசல் மலை தெரியும். மலை மேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தும் அங்கே பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. அதே மலையைக் குடைந்து அமைத்தது அறிவர் கோயில். அந்தக் கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. குளத்தில் மீன்கள் நீந்துகின்றன. பறவைகள் இருக்கின்றன. யானைகளும் எருமைகளும் நீரில் இறங்கியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மனிதர் தாமரை பறிக்கின்றனர். குளம் ஒன்றுதான், எல்லோருக்கும் அதுவே.

மனிதனும் பிராணியும் ஒரே தண்ணீரையும் ஒரே மண்ணையும் பங்கிட்டுக் கொள்வது இயற்கை. அப்படிப் பங்கிடும்போது சில வியாதிகளையும் பங்கிட்டுக் கொள்ள நேருகிறது. தெரு நாய்களைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடக்கும் இந்த நாளில், அப்படிப்பட்ட வியாதி ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சைக் காணோம். அது நாயின் பல்லால் வருவதில்லை. நாயின் வயிற்றிலிருந்து வருகிறது. அதை நாயின் வயிற்றுக்குள் அனுப்புகிறவனும் மனிதனே!

மூன்று வேலைகள்

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெரு நாய்களைப் பற்றி ஓர் உத்தரவு பிறப்பித்தது. பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். குடற்புழு நீக்க வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. வெறி பிடித்த நாய்களையும், மூர்க்கமான நாய்களையும் மட்டும் அப்படி விடக்கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது என்று அது கூறியது.

இந்த உத்தரவுகளைப் பற்றி டீக்கடையிலும் திண்ணையிலும் பேசாதவர் இல்லை. கருத்தடையைப் பற்றிப் பேசினார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றிப் பேசினார்கள். குடற்புழு நீக்கம் என்ற வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. "நாய் வயிற்றில் புழு இருந்தால் அது நாயின் பாடு, நமக்கென்ன?" என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள்.

நமக்கு நிறைய இருக்கிறது.

அரிசி மணி அளவு

நாயின் குடலில் பல வகைப் புழுக்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று மிகச் சிறிய நாடாப்புழு. அதன் விஞ்ஞானப் பெயர் எக்கினோகாக்கஸ். முழுதாக வளர்ந்த புழுவின் நீளம் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஓர் அரிசி மணி அளவு என்று வைத்துக் கொள்ளலாம். ஒரே நாயின் குடலில் இவை ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கொண்டிருக்கும். ஆனாலும் நாய்க்குப் பெரிய தொல்லை தெரியாது. அது நன்றாகச் சாப்பிடும், ஓடும், வாலை ஆட்டும். பார்த்தால் புழு இருப்பதாகவே தோன்றாது.

இந்தப் புழு இடும் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வருகின்றன. முட்டை கண்ணுக்குத் தெரியாது. அது புல்லில் ஒட்டும், மண்ணில் கலக்கும், மழைத் தண்ணீரோடு குட்டைக்குப் போகும், நாயின் ரோமத்திலும் ஒட்டிக் கொண்டிருக்கும். ஆடு புல் மேயும்போது அதையும் சேர்த்து விழுங்கி விடுகிறது. ஆட்டின் வயிற்றில் முட்டை பொரிந்து, நுண்ணிய குஞ்சு வெளியே வந்து, இரத்தத்தோடு போய் ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி விடுகிறது. அங்கே அது புழுவாக வளர்வதில்லை. நீர் நிறைந்த ஒரு பையாக வளர்கிறது. அந்தப் பைக்குள் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு புழுத் தலைகள் உண்டாகின்றன.

அந்த ஈரலை ஒரு நாய் தின்றால், ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாக வளர முடியும். ஆறு ஏழு வாரத்தில் அந்தப் புழுக்கள் முட்டை இடத் தொடங்கும். நாயிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து நாய்க்கு. இப்படியே இந்தச் சக்கரம் சுற்றுகிறது.

இதில் மனிதன் எங்கே வருகிறான்? ஆடு விழுங்குவது போலவே அவனும் தெரியாமல் அந்த முட்டையை விழுங்கி விடுகிறான். கழுவாத கையோடு சாப்பிடும்போது, கழுவாத கீரையைத் தின்னும்போது, நாயோடு விளையாடிய குழந்தை விரலை வாயில் வைக்கும்போது, முட்டை உள்ளே போய் விடுகிறது. ஆட்டின் ஈரலில் வளர்ந்தது போலவே மனிதனின் ஈரலிலும் நீர்ப்பை வளர்கிறது.

வயிற்றுக்குள் ஒரு பந்து

டாக்டர்கள் இதை ஹைடாடிட் கட்டி என்கிறார்கள். பெண்களுக்குச் சினைப்பையில் வருகிற நீர்க்கட்டி வேறு, இது வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பத்துப் பேருக்கு இக்கட்டி வந்தால் சுமார் ஏழு பேருக்கு அது கல்லீரலில் இருக்கும். இரண்டு பேருக்கு நுரையீரலில் இருக்கும். மற்றவருக்கு மூளையிலோ, எலும்பிலோ, சிறுநீரகத்திலோ வரலாம். கட்டி மெல்ல மெல்ல வளரும். முதலில் கடுகு, பிறகு நெல்லிக்காய், பிறகு எலுமிச்சம்பழம், பல ஆண்டுகள் கழித்து ஒரு பந்து! அதுவரையில் வலியும் இல்லை, ஜுரமும் இல்லை. கட்டி பெரிதாகிப் பக்கத்து உறுப்புகளை நெருக்கும்போதுதான் விலாவுக்குக் கீழே கனம் தெரியும், வயிறு உப்பும், மஞ்சள் காமாலை வரலாம், நுரையீரலில் இருந்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும்.

கட்டி உடைந்தால் ஆபத்து பெரிது. அதிலுள்ள நீர் உடம்புக்குள் கசிந்தால் சில பேருக்கு அந்த நிமிஷமே மூச்சு முட்டி உயிர் போய்விடலாம். பிழைத்தாலும், சிந்திய ஒவ்வொரு தலையும் புதிய கட்டியாக வளரக் கூடும். ஆகையால் வயிற்றில் கட்டி தெரிந்தால் அமுக்கிப் பார்ப்பதும், நாட்டு வைத்தியம் என்று குத்திப் பார்ப்பதும் கூடாது.

சிகிச்சை உண்டு. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கருவி கட்டியைக் காட்டிக் கொடுக்கும். கட்டியின் நிலையைப் பார்த்து டாக்டர்கள் ஆல்பெண்டசோல் மாத்திரையைப் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் கொடுப்பார்கள். சிலருக்கு ஊசியால் நீரை எடுத்து மருந்து செலுத்துவார்கள். சிலருக்கு ஆபரேஷன் செய்வார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குழந்தைகளுக்குத் தரும் ஒரு வேளைக் குடற்புழு மாத்திரையும் இதே மருந்துதான். ஆனால் அந்த ஒரு மாத்திரை இந்தக் கட்டியைக் கரைக்காது. அது குடலில் உள்ள வேறு புழுக்களுக்காகத் தரப்படுவது. "மாத்திரைதான் போட்டாயிற்றே" என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது.

உலகத்தில் எந்த நேரத்திலும் பத்து லட்சம் பேருக்கு மேல் இவ்வகைப் புழு நோயோடு இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் இக்கட்டி அதிகம் காணப்படும் இடங்களாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுபவற்றில் ஆந்திரமும் தமிழ்நாடும் முக்கியமானவை.

பனி நாட்டிலும் இதே கதை

இது வறண்ட நாட்டு வியாதி என்று எண்ண வேண்டாம். உலகத்தின் வடகோடியில், ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் அலாஸ்காவிலும் கனடாவிலும் இந்தப் புழுவின் பங்காளிகள் இருக்கின்றன. அங்கே ஆட்டுக்குப் பதில் கலைமானும், குதிரையளவு வளரும் மூஸ் என்ற மானும். நாய்க்குப் பதில் ஓநாய். ஓநாய் மானை அடித்துத் தின்கிறது. மானின் நுரையீரலில் உள்ள நீர்ப்பையும் ஓநாயின் வயிற்றுக்குள் போகிறது. ஓநாயின் மலத்தில் வரும் முட்டையைப் புல்லோடும் பாசியோடும் வேறொரு மான் தின்கிறது. காட்டுக்குள்ளேயே சக்கரம் சுற்றி முடிந்து விடுகிறது.

மனிதனுக்கு அங்கே இடமே இல்லையே என்று தோன்றும். ஆனால் பழங்குடி மக்கள் மானை வேட்டையாடுகிறார்கள். இறைச்சியைத் தாங்கள் எடுத்துக் கொள்கிறார்கள். வேண்டாத நுரையீரலைப் பனியில் வண்டி இழுக்கும் தங்கள் நாய்களுக்குப் போட்டார்கள். ஓநாயின் வயிற்றில் இருந்த புழு இப்படி நாயின் வயிற்றுக்குக் குடி வந்தது. நாய் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பாலம் போட்டது ஒரு துண்டு நுரையீரல்!

இதே இனத்தில் இன்னொரு புழு குள்ளநரிக்கும் வயல் எலிக்கும் நடுவே சுற்றுகிறது. அது இன்னும் கொடியது. அலாஸ்காவின் மேற்கே பேரிங் கடலில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவில், எலியைப் பிடித்துத் தின்ற ஊர் நாய்களால் அது ஜனங்களுக்கு வந்தது. ராபர்ட் ராஷ் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் அத்தீவின் கிராமம் ஒன்றில் நாய்களுக்கு மாதந்தோறும் புழு மருந்து கொடுத்தார்கள். பல ஆண்டுகள் இதைச் செய்தார்கள். கிராமத்தைச் சுற்றி இருந்த எலிகளிடமும் நோய் பெரிதும் குறைந்து விட்டது. எலிக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. நாய்க்குக் கொடுத்த மருந்து எலியைக் காத்தது, மனிதனையும் காத்தது.

வெயில் காக்காதா?

"அது குளிர் நாடு. நம் ஊர் வெயிலில் புழு முட்டை பிழைக்குமா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். குளிர்ந்த ஈரமான மண்ணில் இந்த முட்டை ஏறக்குறைய ஓர் ஆண்டு உயிரோடு இருக்கும். சுடு வெயிலில், காய்ந்த தரையில் அது சீக்கிரம் செத்துவிடும். சித்திரை வைகாசியில் சித்தன்னவாசல் பாறையில் கால் வைக்க முடியாது. அங்கே விழுந்த முட்டை பிழைப்பது கடினம்.

ஆனால் ஜனங்கள் பாறை மேல் குடியிருக்கவில்லை. கிணற்றடியில் ஈரம் உண்டு. வாழை மரத்தடியில் நிழல் உண்டு. கீரைப் பாத்தியில் தினமும் தண்ணீர் பாய்கிறது. ஐப்பசி கார்த்திகையில் ஊரெல்லாம் சேறு. நாய் படுப்பதும் இந்த நிழலில்தான். குழந்தை விளையாடுவதும் இந்த நிழலில்தான். அதோடு, நாய் தினமும் ஊருக்குள் சுற்றுகிறது. நேற்றைய முட்டை வெயிலில் செத்தாலும் இன்றைக்குப் புது முட்டை வந்து விடுகிறது. வெயில் பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை மனிதனுடையது.

நல்ல ஈரலும் நோய் ஈரலும்

புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. இங்கே மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆடு. வெள்ளாடும் செம்மறியும் இல்லாத கிராமம் அரிது. வயலில் ஆட்டுக் கிடை போட்டால் அதற்குக் காவல் நாய். கோயிலில் கிடா வெட்டு என்றால் அங்கேயும் நாய். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலிலும் நாய்.

கறிக்கடையில் நடப்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கும். ஆட்டை அறுத்ததும் ஈரலை எடுத்துப் பார்க்கிறார்கள். வழவழப்பாக இருந்தால் நல்ல விலைக்கு விற்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், நோயிலிருந்து எழுந்தவருக்கும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். ஈரலில் வெள்ளையாக நீர்க்கொப்புளம் இருந்தால் யார் வாங்குவார்கள்? அது விலை போகாது. "சீச்சீ!" என்று வீசி எறிகிறார்கள். காத்திருக்கும் நாய் கவ்விக் கொண்டு ஓடுகிறது.

நல்ல ஈரல் மனிதனுக்கு. நோய் ஈரல் நாய்க்கு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வாயில்லாப் பிராணி தின்னட்டும் என்ற இரக்கம்கூட இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? நூறு ஈரலில் எது ஆபத்தோ, அதையே பொறுக்கி எடுத்து நாய்க்குப் போடுகிறோம். ஆறு ஏழு வாரம் கழித்து அந்த நாயின் மலத்தில் முட்டை வருகிறது. எறிந்த ஈரல் கண்ணுக்குத் தெரியாத உருவத்தில் வீட்டுக்குத் திரும்பி வருகிறது!

கிடையில் ஆடு செத்தாலும் இதே கதை. செத்த ஆட்டைக் கரட்டில் போட்டு விடுகிறார்கள். நாயும் நரியும் தின்கின்றன. நரியின் வயிற்றிலும் இப்புழு வாழ முடியும். பனி நாட்டில் காட்டிலிருந்து வீட்டுக்கு வந்த புழு, இங்கே வீட்டிலிருந்து காட்டுக்கும் போகலாம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். கட்டியுள்ள ஆட்டின் கறியைத் தின்பதால் மனிதனுக்கு இந்நோய் வருவதில்லை. ஆட்டின் உடம்பில் இருப்பது முட்டை அல்ல. முட்டை நாயிடமிருந்துதான் வருகிறது. ஆகையால் கறியே தொடாத சைவக் குடும்பத்துக்கும் இந்நோய் வரலாம். பக்கத்துத் தெருவில் எறிந்த ஈரல் இந்தத் தெருக் குழந்தைக்கு நோய் ஆகலாம்.

ஏன் பேச்சே இல்லை?

இவ்வளவு இருந்தும் இதைப் பற்றி ஏன் பேச்சு இல்லை? காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் காலம். நாய் கடித்தால் அந்த நிமிஷமே இரத்தம் தெரிகிறது. எந்த நாய், எந்தத் தெரு, எத்தனை மணி என்று சொல்ல முடிகிறது. இந்தக் கட்டியோ ஐந்து வயதில் விழுங்கிய முட்டையால் இருபத்தைந்து வயதில் தெரிய வரலாம். அதற்குள் அந்த நாயும் இல்லை. அந்த ஆடும் இல்லை. குடும்பமே வேறு ஊருக்குப் போயிருக்கலாம். நோயாளி யாரைச் சுட்டிக் காட்டுவார்?

இரண்டாவது காரணம், சக்கரம் மூன்று துண்டாகக் கிடக்கிறது. மனிதனின் கட்டியை ஆஸ்பத்திரி டாக்டர் பார்க்கிறார். ஆட்டைக் கால்நடை டாக்டர் பார்க்கிறார். தெரு நாய் பஞ்சாயத்து, நகராட்சியின் பொறுப்பு. ஒவ்வொருவரும் தம் பங்கைப் பார்க்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கிலி தெரியும். ஆபரேஷன் செய்து ஒரு கட்டியை எடுத்த அதே நாளில், ஊரில் எறிந்த ஓர் ஈரல் இன்னும் பல கட்டிகளுக்கு விதை போட்டுக் கொண்டிருக்கும்.

ஒரு சிறு புத்தகம் செய்த வேலை

இந்தச் சங்கிலியை அறுத்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. அது ஐஸ்லாந்து. வட அட்லாண்டிக் கடலில் உள்ள குளிர்த் தீவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உலகத்திலேயே இந்நோய் மிகுந்த நாடுகளில் அது ஒன்று. ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று அக்காலத்து டாக்டர்கள் சிலர் மதிப்பிட்டார்கள். ஐஸ்லாந்து ஜனங்களுக்கு ஆடுதான் சொத்து. ஆட்டை மேய்க்க நாய். ஆட்டை வீட்டிலேயே அறுத்தார்கள். கழிவை நாய்க்குப் போட்டார்கள்.

ஆட்டின் நீர்ப்பைதான் நாயின் வயிற்றில் நாடாப்புழுவாக மாறுகிறது என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த சீபோல்டு என்ற விஞ்ஞானி 1850-களில் சோதனை செய்து காட்டியிருந்தார். 1863-ம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராப் என்ற அறிஞர் ஐஸ்லாந்துக்கு வந்தார். நூறு நாய்களின் குடலை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களில் இந்தப் புழு இருந்தது.

கிராப் அடுத்துச் செய்த காரியம்தான் முக்கியமானது. ஜனங்கள் பேசும் ஐஸ்லாந்து மொழியிலேயே ஒரு சிறு புத்தகம் எழுதினார். நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று விளக்கினார். 1864-ம் ஆண்டில் அது அச்சாகி வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அந்நாட்டு ஜனங்கள் ஏழைகள்; ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள். நீண்ட குளிர் கால இரவுகளில் குடும்பத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது அங்கே வழக்கம். புத்தகம் என்பதே அரிதாக இருந்த காலத்தில், கிடைத்த புத்தகத்தைப் படிக்காமல் விடுவார்களா?

1869-ம் ஆண்டில் சட்டம் வந்தது. 1890-ல் இன்னும் கடுமையாயிற்று. நோயுள்ள கழிவை நாய்க்கு எட்டாதபடி அழிக்க வேண்டும். நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். பிற்காலத்தில் வீட்டில் அறுப்பது குறைந்து, ஆடு அறுக்கும் கூடங்கள் வந்தன. கட்டி முற்றுவதற்கு முன்பே இளம் ஆடுகளை அறுக்கும் வழக்கமும் வந்தது. அதுவும் உதவி செய்தது. எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் பெரிய மாறுதல் உண்டாயிற்று. முந்திய தலைமுறையில் ஏராளமான பேர் உடம்பில் இருந்த கட்டி, இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவர்களிடம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஆடுகளில் கடைசியாக அது காணப்பட்டது 1979-ம் ஆண்டில். இன்று ஐஸ்லாந்தில் அந்நோய் இல்லை.

நியூஸிலாந்தும் இதே வழியில் சென்றது. அங்கேயும் ஆடு மிகுதி, நாய் மிகுதி. நாய்களின் புழுவைப் போக்க அங்கே முதலில் பயன்பட்டது அரிகோலின் என்ற மருந்து. அது எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கிலிருந்து! பிறகு அதைவிடப் பத்திரமான பிராசிகுவாண்டல் மாத்திரை வந்தது. 2002-ம் ஆண்டில் நியூஸிலாந்து தன் நாட்டில் இந்நோய் ஒழிந்ததாகத் தற்காலிகமாக அறிவித்தது. இன்று நாய்க்குக் கொடுக்க வேண்டியது இந்தப் பிராசிகுவாண்டல்தான். பாக்கை இடித்து நாய்க்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அது நாயைக் கொன்றுவிடலாம்.

புதுக்கோட்டையின் பலம்

ஐஸ்லாந்தில் புத்தகம் செய்த வேலையைப் புதுக்கோட்டையில் செய்ய முடியாதா?

முடியும். அதற்குச் சாட்சி இந்த மாவட்டமே. 1991, 1992-ம் ஆண்டுகளில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்த பெண்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1992-ம் ஆண்டு ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

எழுத்து எதற்கு? பஸ்ஸின் பெயரைப் படிக்க, ரேஷன் கார்டைப் படிக்க, கையெழுத்துப் போட. அதோடு நின்றால் போதாது. வீட்டிலுள்ளவர்களின் உயிரைக் காக்கும் செய்தியைப் படித்து, படிக்காதவருக்கும் சொல்ல வேண்டும். அன்று கற்ற தாய்மார்கள் இன்று பாட்டிமார்கள். இன்று அவர்கள் பேரப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆடு அறுத்தால் ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றில் நீர்க்கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாய்க்குப் போடக் கூடாது. நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே கனமான கல்லை வைக்க வேண்டும். அல்லது எரித்துவிட வேண்டும். செத்த ஆட்டுக்கும் இதுவே முறை. சந்தேகமாக இருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டலாம்.

நாய்க்குப் பச்சை ஈரலும் நுரையீரலும் எப்போதும் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சிறு துண்டாக்கி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்துக் கொடுக்க வேண்டும். சோறு போட்டாலும் நாய் நன்றாகவே வளரும்.

வீட்டு நாய்க்கும் கிடை நாய்க்கும் ஆண்டுக்கு நான்கு தடவையாவது பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுக்க வேண்டும். எடைக்கு எவ்வளவு என்பதைக் கால்நடை டாக்டர் சொல்லுவார். மருந்து கொடுத்த பின் இரண்டொரு நாள் நாயைக் கட்டி வைத்து, மலத்தைக் கையால் தொடாமல் எடுத்து ஆழப் புதைத்துவிட வேண்டும்.

நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு இது பழக்கமாக வேண்டும். குழந்தையின் முகத்தை நாய் நக்க விடக் கூடாது. நாய் நக்கிய தட்டில் சாப்பிடக் கூடாது. கீரை, கொத்தமல்லி, வெள்ளரிப் பிஞ்சு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். காய்கறிப் பாத்திக்கு வேலி போட வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

விலாவுக்குக் கீழே நெடுநாள் கனமோ கட்டியோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் நாயும் ஆடும் உண்டு என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வழி காட்டும்.

ஊரும் சர்க்காரும்

வீடு மட்டும் செய்தால் போதாது. கறிக்கடைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு குழி வேண்டும். கிடா வெட்டு நடக்கும் கோயில்களிலும் அப்படி ஒரு குழியை ஊரார் வெட்டி வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. தெரு நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும்போது புழு மருந்தும் கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்தடை ஒரு தடவை செய்தால் ஆயுளுக்கும் போதும். புழு மருந்து அப்படி அல்ல. மருந்து கொடுத்து விட்ட நாய், மறுநாளே ஒரு நோய் ஈரலைத் தின்றால் ஆறு ஏழு வாரத்தில் பழைய கதைதான். கோர்ட்டு உத்தரவில் குடற்புழு நீக்கம் என்ற சொல் இருந்தால் மட்டும் நோய் போகாது. கறிக்கடைக் குழியும் அதோடு சேர வேண்டும்.

தெரு நாய் விவாதத்தில் ஒரு கட்சியார் நாய்களையெல்லாம் ஒழிக்கச் சொல்லுகிறார்கள். இன்னொரு கட்சியார் நாய்களைத் தொடாதே என்கிறார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டும் வழி ஆகாது. ஊரில் உள்ள நாய்களையெல்லாம் அகற்றினாலும், ஈரல் எறிகிற இடத்தைத் தேடி அடுத்த ஊர் நாய் வரும். நாய்களை அப்படியே விட்டுவிட்டால் புழுவும் அப்படியே இருக்கும். நாயைக் கொல்ல வேண்டியதில்லை; புழுவைக் கொன்றால் போதும்.

எந்த உயிரையும் வதைக்காதே என்று வாழ்ந்த முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் சித்தன்னவாசலில் இருக்கின்றன. அந்த மலையின் நிழலில் வாழும் குடும்பங்களுக்கு இந்த வழி அந்நியமானது அல்ல. ஆடும் இருக்கட்டும், நாயும் இருக்கட்டும், குழந்தையும் சுகமாக இருக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கும்போது கெட்ட ஈரலை எறியக் கை ஓங்கினால், ஒரு நிமிஷம் நின்று மண்வெட்டியை எடுத்தால் போதும்.